குளிர்கால மவுண்டன் பைக்கிங்குக்கு வாட்டர்ப்ரூஃப் ஷூ: தண்ணி எந்த வழியா உள்ள வருதுன்னு பாத்து வாங்குங்க

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஜனவரி மாசம், ஸ்காட்லாந்துல க்ளென்ட்ரஸ் காட்டு கார் பார்க். ரைடு முடிச்சு வந்து ஷூவை கழட்டி கவுத்தேன், டம்ளரை சாய்ச்ச மாதிரி தண்ணி கொட்டுச்சு. காலைல எடின்பரோவுல இருந்து கெளம்பும்போது 3 டிகிரி, பெரிய மழை கூட இல்ல, தூறல்தான், ஷூ வேற புதுசு, நாக்குல வாட்டர்ப்ரூஃப்னு தச்சிருந்துச்சு, நல்ல காசு குடுத்து வாங்குனது. சாக்ஸை உருவிப் பாத்தா விரல் அஞ்சும் மெழுகு மாதிரி வெளிறிக் கெடக்கு, கிள்ளுனா தெரியல. கார்ல ஹீட்டரை போட்டு உக்காந்து, உணர்ச்சி திரும்பி வந்தப்ப ஒரு வலி வந்துச்சு பாருங்க, நகக்கண்ணுக்குள்ள ஊசிய விட்ட மாதிரி, இன்னும் மறக்கல.

ஷூதான் ஒழுகுதுன்னு நெனச்சு திருப்பி அனுப்பலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி கழுவி காய வச்சு, உள்ள டிஷ்யூ பேப்பரை பரப்பி, பக்கெட் தண்ணில ஷூவோட கழுத்துக்கு ஒரு விரக்கடை கீழ வரைக்கும் முக்கி கால் மணி நேரம் விட்டேன். எடுத்துப் பாத்தா டிஷ்யூ மொறுமொறுன்னு அப்படியே இருக்கு. ஒரு சொட்டு உள்ள வரல. அப்படின்னா அன்னைக்கு ஷூவுக்குள்ள இருந்த தண்ணி பூரா மேல இருந்து, நான் போட்டிருந்த டைட்ஸ் (காலோட ஒட்டிப் பிடிக்கற பேண்ட்) வழியா, கால்ல வழிஞ்சு இறங்குன தண்ணி. ஷூ தன் வேலைய சரியா செஞ்சிருக்கு, எவ்வளவு சரியான்னா உள்ள வந்த தண்ணிய வெளிய கூட விடல.

அதனால ஷூ வாங்கறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதான், துணி தண்ணி புடிக்குமா புடிக்காதான்னு மட்டும் பாக்காதீங்க, கால் நனையறதுக்கு மூணு வாசல் இருக்கு. மேல கணுக்கால் பக்கம் திறந்திருக்கற வாய், கீழ கிளீட் (ஷூவை பெடலோட பூட்டிக்கற இரும்புத் துண்டு) மாட்டற ஓட்டை, மூணாவது உள்ள இருந்தே வர்ற நம்ம வேர்வை. மூணையும் அடைச்சாதான் கால் சூடா இருக்கும்.

உங்க ஊர் குளிர் எந்த ரகம்?

இதை முடிவு பண்ணாம கடைக்குள்ள போகாதீங்க. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து, அப்புறம் கனடாவுல வான்கூவர் பக்கம் எல்லாம் ஈரக்குளிர். 0-ல இருந்து 8 டிகிரி, சேறு, தூறல், வழி பூரா தேங்கி நிக்கற தண்ணி. அமெரிக்காவுல மினசோட்டா, நார்வே உள்பகுதி மாதிரி இடமெல்லாம் காஞ்ச குளிர், மைனஸ் 10, மைனஸ் 15, பனி மாவு மாதிரி கெடக்கும், தட்டுனா உதிர்ந்துரும், கால் நனையறது கம்மி. கேக்க வித்தியாசமா இருக்கலாம், ஆனா 2 டிகிரி மழைல நனைஞ்ச காலுக்கு மைனஸ் 8-ல காஞ்ச காலை விட அதிகமா குளிரும், ஏன்னா தண்ணி காத்தை விட 25 மடங்கு மாதிரி வேகமா சூட்டை இழுத்துட்டு போயிடும்.

ஈரக்குளிர்னா உங்களுக்கு வேணும்கறது கணுக்காலுக்கு மேல வர்ற, உள்ள கோர்டெக்ஸ் மாதிரி சவ்வு வச்ச, மேல்பக்கம் நியோப்ரீன் (ரப்பர் மாதிரி இழுபடற துணி) பட்டி போட்டு இறுக்கிப் பிடிக்கற ஷூ. உள்ள பெருசா பஞ்சு கனம் தேவையில்ல. ஷிமானோ எம்டபிள்யூ 7, எண்டூரா எம்டி 500 பர்னர் வாட்டர்ப்ரூஃப் எல்லாம் ஷூவை பெடலோட கிளிப் மாட்டி ஓட்டறவங்களுக்கு, கிளிப் இல்லாத ஃப்ளாட் பெடல்காரங்களுக்கு ஃபைவ் டென் ட்ரெயில்கிராஸ் ஜிடிஎக்ஸ். எண்டூரா இங்க ஸ்காட்லாந்துல ஆரம்பிச்ச கம்பெனி, நாங்க நனையற அதே மழைலதான் அவங்க ஆளுங்களும் ஓட்டுவாங்கன்னு எனக்கு அந்த கம்பெனி மேல ஒரு நம்பிக்கை உண்டு. காஞ்ச கடுங்குளிர்னா மினசோட்டாக்காரங்க பண்ற 45நார்த் வுல்ஃப்ஹாமர், இல்ல லேக் எம்எக்ஸ்இசட் 304 மாதிரி உள்ள கனமா இன்சுலேஷன் வச்ச பூட்ஸ். அதை எடுத்துட்டு வந்து இங்க 6 டிகிரில ஏத்தம் மிதிச்சா அரை மணி நேரத்துல உள்ள வேர்த்து ஊறிடும், திரும்ப இறங்கும்போது அந்த வேர்வையே குளிர ஆரம்பிச்சுடும். 10 டிகிரிக்கு மேலனா இதெல்லாம் ஒண்ணும் வேணாம், சாதா ஷூ, உள்ள ஒரு வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ் போதும்.

ரோடு பைக்காரங்க ஷூ மேல உறை மாதிரி மாட்டற நியோப்ரீன் ஓவர்ஷூவை நம்பி இறங்காதீங்க. ரோட்டுல அது அருமையான சாமான், நம்ம ட்ரெயில்ல பைக்கை தள்ளிக்கிட்டு பாறை மேல நாலு தடவை நடந்தா அடிப்பக்கம் கிழிஞ்சு தொங்கும்.

அந்த சவ்வு பத்தி ரெண்டு வார்த்தை

கோர்டெக்ஸ்ங்கறது 1969-ல பாப் கோர்ங்கறவரு கண்டுபிடிச்சது, நம்ம வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லுல இருக்கற அதே பொருளை சூடாக்கி வெடுக்குன்னு இழுத்தப்ப அது கிழியாம நீண்டு, உள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத துளையோட ஒரு சவ்வா மாறிடுச்சு. தண்ணிச் சொட்டு நுழைய முடியாத அளவு சின்னத் துளை, ஆனா வேர்வை ஆவி வெளிய போயிடும். ஷூவுக்குள்ள இதை ஒரு சாக்ஸ் மாதிரி தச்சு வச்சிருப்பாங்க. புரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா, அந்த சவ்வுக்கு வெளிய இருக்கற தோலோ துணியோ நனையத்தான் செய்யும். மேல பூசியிருக்கற தண்ணி ஒட்டாத பூச்சு தேஞ்சு போச்சுன்னா வெளித்துணி ஸ்பாஞ்சு மாதிரி ஊறிடும், ஊறுனா ஆவி வெளிய போக வழி இல்ல, ஷூ கனக்கும், ஜில்லுன்னு இருக்கும், நாம ஒழுகுதுன்னு நெனப்போம். ஷூ மேல தண்ணி தெளிச்சா தாமரை இலை மேல மாதிரி உருண்டு ஓடணும், அப்படியே பரவி கருப்பா ஆச்சுன்னா பூச்சு போயிடுச்சுன்னு அர்த்தம். அதை திரும்ப பூசிக்கலாம், கீழ சொல்றேன்.

அளவு

இதுல தப்பு பண்ணா வேற எது சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. காலுக்கு சூடு குடுக்கறது ஷூ கெடையாது, ரத்தம்தான். ஷூ இறுக்கிப் பிடிச்சா ரத்த ஓட்டம் குறையும், சாக்ஸ் அமுங்கிப் போயி உள்ள காத்தே இருக்காது, அப்புறம் 250 பவுண்டு ஷூவும் விறைக்கத்தான் செய்யும். எனக்கு ஒரு கடைல, போடப் போட விரிஞ்சு குடுக்கும்னு சொல்லி இறுக்கமான ஜோடிய தலைல கட்டுனாங்க, நானும் நம்பி வாங்கிட்டு வந்தேன். சவ்வு வச்ச ஷூ அப்படி விரியாது. சாதா தோல் ஷூ விரியும், இது விரியாது, தயவுசெஞ்சு இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

சாயங்காலமா போட்டுப் பாருங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். நீங்க குளிர்காலத்துல போடப்போற அதே கம்பளி சாக்ஸை கையோட எடுத்துட்டுப் போங்க. லேஸை தளர்த்திட்டு, காலை முன்னாடி தள்ளி விரல் நுனி முன்பக்கம் தொடற மாதிரி நில்லுங்க, இப்போ குதிகாலுக்குப் பின்னாடி உங்க ஆள்காட்டி விரல் நுழையணும். நுழையலைன்னா ஒரு சைஸ் மேல எடுங்க. பெரும்பாலும் கோடைக்கால ஷூவை விட அரை சைஸ்ல இருந்து ஒரு சைஸ் வரைக்கும் கூடுதலா வரும். கட்டின பிறகு உள்ள அஞ்சு விரலையும் பியானோ வாசிக்கற மாதிரி தனித்தனியா அசைக்க முடியணும், அதே நேரம் குதிகால் மேல தூக்கக் கூடாது. நம்மள்ல நெறைய பேரு சின்ன வயசுல இருந்து செருப்பு போட்டே வளந்தவங்க, முன்பாதம் நல்லா விரிஞ்சிருக்கும், எனக்கு அப்படித்தான், அதனால இத்தாலி கம்பெனி ஷூ நெறைய ஒத்து வரல. லேக்ல அகல சைஸ் தனியா கெடைக்கும்.

ஆன்லைன்ல வாங்குனா யுகேல இருக்கறவங்களுக்கு கைக்கு வந்த நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம வேணாம்னு சொல்ற உரிமை இருக்கு, ஆனா வீட்டுக்குள்ள கார்ப்பெட் மேல மட்டும் போட்டு நடந்து பாருங்க, கிளீட் மாட்டிடாதீங்க. அளவு சரின்னு முடிவு பண்ணி வச்சுக்கிட்ட பிறகு அந்த பக்கெட் டெஸ்ட்டை தள்ளிப் போடாம பண்ணிடுங்க. வாட்டர்ப்ரூஃப்னு சொல்லி வித்தது ஒழுகுச்சுன்னா 2015-ம் வருஷ கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் படி 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுத்து முழுப் பணமும் கேக்கலாம். மழைக்காலம் வரட்டும்னு பெட்டியோட வச்சிருந்தா அந்த நாள் ஓடிப்போயிடும்.

லேஸா டயலான்னு கேப்பாங்க. திருகுனா கம்பி இறுகற போவா டயல் வசதிதான், விறைச்ச விரலால கூட திருகிடலாம், ஆனா அதுக்குள்ள சேறு போயி ஐஸ் ஆனா மக்கர் பண்ணும். மேல மூடி மாதிரி ஒரு மடிப்பு இருக்கற மாடலா எடுங்க, லேஸோ டயலோ எதுவா இருந்தாலும் அந்த மூடி முக்கியம்.

கிளீட் ஓட்டை

கிளிப் மாட்டி ஓட்டறவங்களுக்கு மட்டும் இது. ஷூவுக்கு அடியில ரெண்டு நீள வெட்டு இருக்கும், அதுக்குள்ள ஸ்க்ரூ போயி பிடிக்கும். சவ்வு அதுக்கு மேலதான் இருக்கும்னாலும் இரும்பு வழியா குளிர் நேரா உள்ளங்காலுக்கு ஏறும், சில ஷூல தண்ணியும் ஏறும். மொதல்ல இன்சோலை (ஷூவுக்குள்ள பாதத்துக்கு அடியில இருக்கற மெத்தை) உருவி எடுங்க, அடியில உள்ள இடத்தை துணியால துடைச்சு காய விடுங்க, ஷூ கூட வர்ற ஸ்டிக்கர் இருந்தா ஒட்டுங்க, இல்லன்னா நல்ல டக்ட் டேப்பை ரெண்டு அடுக்கா ஒட்டி ஓரத்தை நகத்தால தேய்ச்சு அமுக்கி விடுங்க. ஸ்க்ரூ மரைல கிரீஸ் தடவி, 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போட்டு 5-ல இருந்து 6 நியூட்டன் மீட்டர் வரைக்கும் முறுக்குங்க. கிரீஸ் போடலைன்னா ஒரே குளிர்காலத்துல உப்புத்தண்ணி பட்டு துரு புடிச்சு அப்புறம் கழட்டவே முடியாது, இங்க ரோடு பூரா உப்பு போடுவாங்க. நீளமான ஸ்க்ரூ மட்டும் போட்டுடாதீங்க, நுனி உள்ள துருத்திக்கிட்டு வந்து சவ்வையே குத்திக் கிழிச்சிடும். அது மேல ஒரு கம்பளி இன்சோலோ, அடியில வெள்ளி கலர் பூச்சு வச்ச இன்சோலோ போடுங்க. இன்சோல் கனமானதுனால ஷூ இறுக்கமாச்சுன்னா பழைய மெல்லிசுக்கே போயிடுங்க, இடம்தான் முக்கியம்.

ஷிமானோ பெடல்காரங்க குளிர்காலத்துக்கு மட்டும் எஸ்ஹெச் 56 கிளீட் போட்டுப் பாருங்க, அது பக்கவாட்டுல மட்டும் இல்லாம பல திசைல கழண்டு வரும், கால் மரத்துப் போயிருக்கும்போது அந்த உதவி பெரிய உதவி. ஃப்ளாட் பெடல்காரங்களுக்கு ஒரு சின்ன விஷயம், அலுமினிய பெடலை கழட்டிட்டு நைலான் பெடல் போடுங்க, அடியில ஏறற குளிர் நல்லாவே கொறையும், விலையும் கம்மி.

மேல் வாசல்

நான் கார் பார்க்ல தண்ணிய கவுத்ததுக்குக் காரணம் இதுதான். நம்ம ஊர் ஓட்டு வீட்டை நெனச்சுப் பாருங்க. மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறி உக்காந்திருக்கும், அதனாலதான் தண்ணி வழிஞ்சு வழிஞ்சு வாசல்ல விழுது. ஒரே ஒரு ஓட்டை மாத்திப் போட்டா, கீழ் ஓடு மேல ஏறிடுச்சுன்னா, அந்த இடத்துல வீட்டுக்குள்ள ஒழுகும். கால்லயும் அதே கணக்கு. டைட்ஸை ஷூவுக்குள்ள சொருகுனேன், மழைல டைட்ஸ் நனைஞ்சது, திரி எண்ணெய் இழுக்கற மாதிரி அந்தத் துணி தண்ணிய நேரா ஷூவுக்குள்ள இழுத்துட்டுப் போச்சு.

சரியான வரிசை இது: முதல்ல சாக்ஸ், அதுவும் ஷூவோட கழுத்தை விட வெளிய எட்டிப் பாக்கக் கூடாது, இல்ல எட்டிப் பாத்தாலும் மேல பேண்ட் மூடணும். அப்புறம் ஷூ. கடைசியா வாட்டர்ப்ரூஃப் பேண்ட், அதோட கால் நுனி ஷூவோட பட்டிக்கு வெளிய, ஒரு நாலு விரக்கடை கீழ இறங்கி வரணும், செயின் பக்கம் மாட்டாம இருக்க வெல்க்ரோ போட்டு இறுக்கிடுங்க. வாட்டர்ப்ரூஃப் பேண்ட் வேணாம், முட்டி வரைக்கும் ஷார்ட்ஸ்தான் பிடிக்கும்னா அப்போ கால் வெறும் தோலா இருக்கட்டும், பட்டி தோல் மேல நேரா ஒட்டிப் பிடிக்கட்டும், நடுவுல துணி கூடாது. இல்லன்னா ஷூ கழுத்தையும் கணுக்காலையும் சேத்து மூடற நியோப்ரீன் கெய்ட்டர் ஒண்ணு மாட்டுங்க.

அதோட முன் சக்கரத்துக்கு ஒரு நல்ல மட்கார்டு. கால்ல அடிக்கற தண்ணில பெரும்பகுதி வானத்துல இருந்து வர்றதில்ல, முன் டயர் வாரி எறியறதுதான். பத்து பதினஞ்சு பவுண்டுல இவ்வளவு பலன் குடுக்கற சாமான் வேற இல்ல.

ஓடைய கடக்கும்போது ஷூ கழுத்துக்கு மேல தண்ணி போயிடுச்சுன்னா அப்படியே ஓட்டிட்டுப் போகாதீங்க, சவ்வு அந்தத் தண்ணிய உள்ளயே வச்சுக்கும். அக்கரைல நின்னு கழட்டி, கவுத்து, சாக்ஸை பிழிஞ்சு போட்டுட்டு கெளம்புங்க, ரெண்டு நிமிஷ வேலை. பைல ஒரு ஜோடி காஞ்ச சாக்ஸும் ரெண்டு பிளாஸ்டிக் கவரும் எப்பவும் வச்சிருப்பேன், காஞ்ச சாக்ஸ் மேல கவரை மாட்டி நனைஞ்ச ஷூவுக்குள்ள விட்டா வீடு வந்து சேர்ற வரைக்கும் தாங்கும்.

சாக்ஸ்

பருத்தி வேண்டவே வேண்டாம். மெரினோ கம்பளி நனைஞ்சாலும் ஓரளவு சூடு குடுக்கும், ஒரு நடுத்தர கனத்துல ஒண்ணு போதும். ரெண்டு சாக்ஸ் போடறேன்னு ஷூவை இறுக்கமாக்கிட்டா மேல சொன்ன ரத்த ஓட்டப் பிரச்சினை வந்துடும்.

கெளம்பறதுக்கு முன்னாடி

ஷூவை ராத்திரி கார் டிக்கில விடாதீங்க. வீட்டுக்குள்ள வச்சு, போற வழில காரோட கால் ஹீட்டர் காத்து படற இடத்துல வைங்க. சூடான கால் சூடான ஷூவுக்குள்ள போகணும், விறைச்ச கால் உள்ள போனா ஷூ அந்தக் குளிரைத்தான் பத்திரமா வச்சிருக்கும். உடம்பு நடுப்பகுதி குளிர ஆரம்பிச்சாலே மூளை கை கால் பக்கம் போற ரத்தத்தை குறைச்சுடும், அதனால கால் குளிருதுன்னா சில சமயம் தேவைப்படறது ஜாக்கெட்டும் முட்டிய மூடற பேண்ட்டும்தான். கை சூடாக்கற பாக்கெட்டை ஷூவுக்குள்ள வைக்கறவங்க இருக்காங்க, அது உள்ள இருக்கற இரும்புத்தூள் காத்துல இருக்கற ஆக்சிஜன் பட்டாதான் சூடாகும், இறுக்கமா மூடுன ஷூவுக்குள்ள அரைகுறையாத்தான் வேலை செய்யும். வைக்கணும்னா கால் விரலுக்கு மேல் பக்கம் வைங்க, அடியில வச்சா மிதிக்க மிதிக்க உறுத்தும்.

ஓட்டும்போது விரல் குளிர ஆரம்பிச்ச உடனே இறங்கி அஞ்சு நிமிஷம் பைக்கை தள்ளிக்கிட்டு ஏத்தத்துல நடங்க, ரத்தம் இறங்கும். வலிச்சுக்கிட்டு இருந்த விரல் திடீர்னு வலிக்காம போச்சுன்னா அது சரியானதா நெனக்காதீங்க, மரத்துப் போகுதுன்னு அர்த்தம், ரைடை அங்கயே முடிச்சுக்கோங்க. நம்ம தோல் நிறத்துல அந்த வெளிறல் எப்பவும் சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது, பல சமயம் சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும், அதனால கண்ணை விட உணர்ச்சிய நம்புங்க. வீட்டுக்கு வந்ததும் காலை ரேடியேட்டர் மேல வைக்கறது, கொதிக்கற தண்ணில விடறது எல்லாம் வேணாம், சில்பிளெயின்னு சொல்ற அரிக்கற வீக்கம் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். காஞ்ச சாக்ஸ் போட்டு மெதுவா சூடு ஏறட்டும்.

காய வைக்கறது

ஸ்கூல் போற காலத்துல மழைல நனைஞ்ச ஷூவுக்குள்ள வீட்டுல தினத்தந்தி பேப்பரை கசக்கித் திணிச்சு வைப்பாங்களே, அதேதான், அதை விட நல்ல வழி இன்னும் வரல. முதல்ல வெளிப்பக்க சேத்தை பச்சத்தண்ணில பிரஷ் போட்டு கழுவுங்க, சேறு காஞ்சு ஒட்டுனா ஆவி போற வழி அடைஞ்சிடும். இன்சோலை உருவி தனியா வைங்க. பேப்பரை கசக்கி விரல் முனை வரைக்கும் திணிங்க. ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தா ஈரமா கனமா வரும், அதை போட்டுட்டு புதுசு திணிங்க, தூங்கப் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை. சூடான ரேடியேட்டர் மேலயோ ஹேர் ட்ரையர் முன்னாடியோ வச்சா பசை விட்டுப் போயி சோல் பிளந்துக்கும், தோல் வெடிக்கும், காத்தோட்டமான அறைல ஒரு சின்ன ஃபேன் முன்னாடி வைங்க, காலைல காஞ்சிருக்கும்.

தண்ணி உருண்டு ஓடாம பரவ ஆரம்பிச்சா நிக்வாக்ஸ் மாதிரி ஷூவுக்கான ப்ரூஃபிங் திரவத்தை, கழுவுன ஷூ ஈரமா இருக்கும்போதே தடவுங்க, தையல் ஓரத்துலயும் நாக்கு மடிப்புலயும் ரெண்டாவது தடவை தடவி, அதிகமா நிக்கறதை துணியால துடைச்சு எடுத்துடுங்க. எனக்கு ஒரு சீசனுக்கு மூணு தடவை தேவைப்படுது.

மார்ச்ல சீசன் முடியும்போது திரும்ப அதே பக்கெட், அதே டிஷ்யூ. நனைஞ்ச திட்டு எங்க இருக்குன்னு பாருங்க. விரல் மடங்கற கோட்டுல நனைஞ்சிருந்தா சவ்வு தேஞ்சு போச்சு, அதை ஒட்டி சரி பண்ண முடியாது, குளிர்கால சரக்கு தள்ளுபடிக்கு வர்ற மாசமும் அதுதான், அப்பவே அடுத்த ஜோடிய பாத்துடுங்க. கிளீட் ஓட்டைக்கு மேல மட்டும் நனைஞ்சிருந்தா டேப்பை பிச்சுட்டு புதுசா ஒட்டுனா இன்னொரு குளிர்காலம் ஓடும்.